கல்லறையும் ஒரு பங்கு

அப்பா தன் உயிலில் என்னை எக்ஸிக்யூட்டராகப் போட்டிருந்தார். சொத்தைப் பிரிக்கும் பொறுப்பு என்னுடையது என்று வக்கீல் சொன்னபோது அண்ணன் கிளிஃபர்டின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டை விற்று மூன்று பேரும் சமமாக எடுத்துக்கொள்ள வேண்டும். மற்றவற்றுக்கு நான் பட்டியல் போட வேண்டும். வயது வரிசைப்படி, ஆளுக்கு ஒன்றாகக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். முதலில் அண்ணன், அடுத்து நான், கடைசியில் தங்கை மௌரீன்.

நியாயமாகப் பிரிப்பேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதில் எள்ளளவும் பிசகவில்லை. ஆனால் மனதுக்குள் பழிதான் இருந்தது.

நாலு வருடத்துக்கு முன் என் கணவர் சண்முகம் இறந்தார். என்னைக் கட்டிக்கொள்ள ஞானஸ்நானம் வாங்கி, முப்பது வருடம் ஒரு ஞாயிறு தவறாமல் பூசைக்கு வந்த மனுஷன். கல்லறைத் தோட்டத்தில் இப்போது புது இடம் கிடையாது. குடும்பக் கல்லறை இருந்தால் அதைத் திறந்து புதைக்கலாம். எங்களுடையதில் அப்போது அம்மா மட்டும்தான். இன்னும் இரண்டு பெட்டிக்கு இடம் இருந்தது. அதைத் திறக்கக் காட்ட வேண்டிய அனுமதிக் கடிதம் அண்ணனின் பீரோவில். பங்குச் சாமியார் கேட்டும் அண்ணன் தர மறுத்தார்.

"அந்த எடம் நம்ம ரத்தத்துக்கு, ஆஞ்சலா. அவரு எங்கிருந்தோ வந்தவரு," என்றார், பிணத்தை நடுவீட்டில் வைத்துக்கொண்டு.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார். அவரையும் நான் மன்னிக்கவில்லை. சண்முகத்தை மின்மயானத்தில் எரித்து, சாம்பலை ஒரு செம்பில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். எனக்கு ஆறடி போதும் என்று பொறுத்தேன்.

பட்டியலில் நாற்பத்திரண்டு பொருள்கள். முப்பத்தொன்றாவதாகக் கல்லறையை எழுதினேன். எதையும் ஒளிக்கவில்லை. ஒரு வாரம் முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், பிரித்த அன்றைக்கு வாய்விட்டும் படித்தேன். அண்ணனுக்கு அப்பாவின் பழைய புல்லட்மேல்தான் கண். மூத்த மகன் இருக்கும்போது கல்லறையை யார் கேட்பார்கள் என்ற தைரியம். புல்லட் என்றார். நான் முப்பத்தொன்று என்றேன்.

எண்ணைத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்துச் சிரித்தார். மௌரீன் பியானோ என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. புல்லட் வேண்டாம், மாற்றிக்கொள்ளலாம் என்றார். உயிலில் மாற்ற இடமில்லை என்றேன். அப்பாவின் அடக்கத்துக்காக அண்ணன் பீரோவைவிட்டு வெளியே வந்த அனுமதிக் கடிதமும் என் ஃபைலில்தான் இருந்தது. பேனா காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்டார்.

அக்டோபரில் சாமியார் மந்திரித்துக் கொடுக்க, சண்முகத்தின் சாம்பலை உள்ளே வைத்து, அப்பா பெயருக்குக் கீழே அவர் பெயரைப் பளிங்கில் வெட்டினேன்.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். அண்ணன் சேவந்திப் பூவோடு வந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல முழங்கால் போட்டார். அம்மாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி, அப்பாவுக்கு ஒன்று. பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே, சண்முகத்தின் பெயருக்கு முன்னாலும் ஒன்று ஏற்றினார். எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது.

"சாம்பல்தானே வச்சிருக்க. இன்னொரு பெட்டிக்கு எடம் இருக்குன்னு மேஸ்திரி சொன்னான்," என்றார். "எனக்கு பைபாஸ் ஆயிடுச்சு. அம்மாகூடப் படுக்கணும்னு ஒண்ணுதாம்மா ஆசை."

இரக்கம் வந்துவிடுமோ என்று ஒரு நிமிடம் பயந்தேன். வரவில்லை.

"எடம் இருக்குண்ணா," என்றேன். "அது எனக்கு."