நாளாந்தம் உடுத்தது

தியாகலிங்கம் மனைவியின் சீலையை மினுக்கிக்கொண்டிருந்தான். சாப்பாட்டு மேசையில் பழைய போர்வையை விரித்து, அதன்மேல் சீலையைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துவிட்டு, அயன்பெட்டியை அழுத்தாமல் ஓட்டினான். கைத்தறித் துணி, தண்ணீர் தெளித்தால்தான் சுருக்கம் விட்டுக்கொடுக்கும். வெங்காயத்தோல் நிறம். ஓரத்தில் விரல் அகலத்துக்குக் கறுப்புக் கரை.

சந்திரவதனா முந்தாநாள் விடியப்புறம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். இன்று பின்னேரம் பார்வைக்கு வைக்கிறார்கள். அதற்கு முன்னர் உடுப்பைக் கொண்டுவந்து தரும்படி பியூனரல் ஹோமில் சொல்லியிருந்தார்கள்.

கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. மங்கையற்கரசி தள்ளித் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். வதனாவின் தமக்கை. மில்லிக்கனில் இருக்கிற அவள் வீட்டிலிருந்து மகன் காரில் கொண்டுவந்து விட்டிருந்தான். சப்பாத்தில் ஒட்டியிருந்த பனிச்சேற்றை மிதியடியில் தேய்த்தவள், மேசையைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"உதை ஏன் தம்பி மினுக்கிறீர்?"

"வதனாவுக்கு, அக்கா."

"உது பள்ளிக்கூடத்துக்கு உடுத்த பழசெல்லே. கலியாணக் கூறை எங்கை?"

தியாகலிங்கம் அயன்பெட்டியின் வயரைக் கழற்றினான்.

"கூறை இல்லை அக்கா."

"இல்லையெண்டா? போன தீபாவளிக்கும் அலுமாரியிலை கண்டனானே."

"குடுத்தாச்சு. யூஜினிக்கு."

யூஜினி அதே கட்டடத்தில் இரண்டு மாடி மேலே தமையன் குடும்பத்தோடு இருக்கிற பெட்டை. வதனா படுக்கையில் விழுந்த பிறகு, குளிக்கவார்க்கவும் மருந்து கொடுக்கவும் ஹோம் கேரில் இருந்து அனுப்பப்பட்டவள். பாசையூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெட்டை. தாய் தகப்பன் இல்லை. வைகாசியில் அவளுக்குக் கலியாணம். சேர்ச்சில் வெள்ளை உடுத்தி, மண்டபத்துக்கு வந்ததும் கூறை மாற்றுவார்களாம்.

மங்கையற்கரசி கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்தாள்.

"புருசனுக்கு முந்திப் போறவளைக் கூறை உடுத்தித்தானே அனுப்புறது. உமக்குத் தெரியாதே? அதுவும் வருத்தத்திலை கிடந்தவளின்ரை கூறையை, ஒரு கலியாணப் பெட்டைக்கு... அவளும் வாங்கினவளோ?"

"மாட்டன் எண்டுதான் நிண்டவள். வதனா விடேல்லை."

"எல்லாம் உந்தப் படிப்பாலை வந்தது," என்றாள் மங்கையற்கரசி.

அதை அவன் மறுக்கவில்லை.

இங்கிலாந்தில் முந்நூறு, நானூறு வருடங்களுக்கு முன்னர் சாதாரண சனம் அன்றாடம் என்ன உடுத்தினார்கள் என்பதுதான் சந்திரவதனாவின் ஆராய்ச்சி. சொந்தக்காரர்களுக்கு அது பெரிய பகிடி. "வெள்ளைக்காரன்ரை பழந்துணிக்கு ஒரு பட்டமோ?" என்று ஒவ்வொரு பிறந்தநாள் பார்ட்டியிலும் ஒருவராவது கேட்பார். அவள் கோபிக்கமாட்டாள். "ராணி என்ன உடுத்தவ எண்டதுக்குப் படம் கிடக்கு. ராணிக்குப் பால் கறந்தவள் என்ன உடுத்தவள்? சொல்லுங்கோ பாப்பம்," என்பாள். கேட்டவர் சோடாவைத் தூக்கிக்கொண்டு மெல்ல நகர்ந்துவிடுவார்.

பகலில் அவளுக்குக் கெனடி றோட்டில் ஒரு ட்ரை கிளீனிங் கடையில் வேலை. வருகிற கோட்டுகளின் கழுத்தையும் முழங்கையையும் பார்த்தே, போடுகிறவர் எப்படி இருந்து வேலை செய்கிறவர் என்று சொல்லிவிடுவாள். பின்னேரங்களில் பல்கலைக்கழக நூலகம். வீட்டுக்கு வந்து, கறி கொதித்துக்கொண்டிருக்கும்போது அன்று படித்ததை அவனுக்குச் சொல்லுவாள். அந்தச் சனத்திடம் உடுப்பின் எண்ணிக்கை வலு குறைவாம். உள்ளே போடுகிற லினன் அங்கியைத்தான் தோய்ப்பார்களாம். மேலே போடுகிற கம்பளி வருடக்கணக்காக உழைக்குமாம். சட்டைக்கு உடம்பு வேறு, கை வேறு, நாடாவால் முடிந்துகொள்வார்களாம். தாயின் பாவாடையை வெட்டி மகளுக்குத் தைப்பார்களாம். சாகப்போகிற ஒருத்தி, நல்ல பாவாடை தங்கைக்கு, வேலைக்கு உடுத்துகிறது வருத்தமாய்க் கிடந்தபோது தன்னைப் பார்த்த வேலைக்காரிக்கு என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடுவாளாம். அவளை வெறும் துணியில் சுற்றிப் புதைத்துவிடுவார்கள். அவள் உடுத்தது ஊருக்குள் தொடர்ந்து நடந்து திரியும்.

தியாகலிங்கம் வேலைக்குப் போகிற அவசரத்தில் பாதி கேட்பான், பாதி கேட்கமாட்டான்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் செற்றியில் படுத்திருந்தபடி அலுமாரியில் இருப்பதையெல்லாம் கொண்டுவந்து போடச் சொன்னாள். அவன் கை நிறையத் தூக்கி வந்து நிலத்தில் குவித்தான்.

"எழுதி வைக்கட்டே?" என்று கேட்டான்.

"வேண்டாம். அந்தக் காலத்திலை வாயாலை சொன்னாலும் செல்லும். கேக்க ஆக்கள் இருந்தாப் போதும். துர்க்கா, நீயும் வந்து இரு."

மகள் தகப்பனுக்குப் பக்கத்தில் நிலத்தில் வந்து இருந்தாள். அவளுக்குப் பதினேழு வயது. பச்சைக் காஞ்சிபுரம் அவளுக்கு. ஊதாச் சீலை ட்ரை கிளீனிங் கடையில் கூட வேலை செய்கிற போர்த்துக்கீசக்காரிக்கு. "அவள் உடுத்தமாட்டாளே அம்மா," என்றாள் துர்க்கா. "யன்னலுக்குத் திரை தைக்கட்டும். காணேக்கையெல்லாம் அந்தச் சீலையைத் தடவிப் பாக்கிறவள்," என்று வதனா சிரித்தாள். சிரித்தது நோவாக மாற, செற்றியின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு கூறையைக் காட்டி, "உது யூஜினிக்கு," என்றாள்.

"அதை விடுமன், வதனா."

"ஏன்? அது ஒருநாள்தானே உடுத்தது. பிறகு இவ்வளவு காலமும் பெட்டிக்குள்ளை. அது இன்னும் உடுப்பாகேல்லை. அவள் உடுத்தட்டும்." கையை நீட்டி வெங்காயத்தோல் நிறச் சீலையை இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "எனக்கு இது. நல்லதை எல்லாரும் படமாக் கீறி வைச்சிருக்கினம். நாளாந்தம் உடுத்ததைத்தான் ஒருத்தரும் கவனிக்கிறேல்லை."

"அதை எரிச்சுப்போடுவினமெல்லே?" என்றான் தியாகலிங்கம்.

"ஓம். என்னோடை தேஞ்சது என்னோடை வரட்டும்."

இதையெல்லாம் தமக்கைக்கு எப்படிச் சொல்வதென்று தியாகலிங்கத்துக்குத் தெரியவில்லை. தெரிந்ததைச் சொன்னான். மங்கையற்கரசி மடியில் கைகளைக் கோத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முடிவில், "நோவுக்குக் குடுத்த மருந்திலை கதைச்சிருப்பாள்," என்றாள்.

அப்போது கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள். யூஜினி நின்றாள். வேலைக்குப் போகிற நீலச் சட்டையோடு, கையில் கடதாசிப் பையோடு. அழுது ஓய்ந்த முகம். உள்ளே வராமல் வாசலில் நின்றே பையை நீட்டினாள்.

"அங்கிள், அன்ரிக்கு இது வேணுமெல்லே. அண்ணி சொன்னவ, உங்கடை ஆக்கள் இதைத்தான் உடுத்தி விடுறவை எண்டு. எனக்கு ஒண்டுமில்லை அங்கிள். உண்மையா ஒண்டுமில்லை."

பையின் வாயில் அரக்குச் சிவப்பும் சரிகையும் தெரிந்தன. நல்லூரில் கலியாண மண்டபத்தில், கூறை மாற்றி உடுத்திக்கொண்டு வந்த வதனா நிமிர்ந்து நடக்க முடியாமல் சரிகைப் பாரத்தைக் கையால் தாங்கிக்கொண்டு வந்தது தியாகலிங்கத்துக்கு ஞாபகம் வந்தது. அந்தக் கோலத்தில் அவளை இன்னுமொருதரம் பார்க்கலாம். ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். சொல்லப்போனால் எல்லாருக்கும் அதுதான் சந்தோசம். கேட்டவள் இனிக் கேட்கப்போவதுமில்லை. அவன் கை தானாகவே நீண்டு பையின் காதைப் பிடித்தது.

"வாங்கும் தம்பி," என்றாள் மங்கையற்கரசி, தணிந்த குரலில்.

அறை வாசலில் துர்க்கா வந்து நின்றாள். "பெரியம்மா, அம்மா மருந்திலை கதைக்கேல்லை. ஐ வாஸ் தெயர். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தனான்." தகப்பனைப் பார்த்தாள்.

தியாகலிங்கம் பையின் காதை விட்டான்.

"கொண்டுபோம் பிள்ளை," என்றான். "வைகாசியிலை உடுத்தும். நாங்கள் வருவம்."

யூஜினி பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றாள். பிறகு மங்கையற்கரசியைப் பார்த்தாள். மங்கையற்கரசி அவளைப் பார்க்கவில்லை. எழுந்து வந்து, மேசையில் கிடந்த சீலையைக் கையில் எடுத்து, அவன் மடித்த மடிப்பைக் குலைத்துத் தன் முறைக்கு மடித்தாள்.

"உடுத்திவிடுறது நான்தான்," என்றாள். காரில் போகும்போது அதை மடியிலேயே வைத்திருந்தாள்.

பியூனரல் ஹோமில் சனம் நிறைய வந்தது. வதனாவின் கழுத்தில் தாலிக்கொடி, நெற்றியில் குங்குமம், தலையில் பூ, எல்லாம் முறைப்படி இருந்தன. சீலைதான் பொருந்தவில்லை. வந்த பெண்கள் பெட்டிக்கு அருகில் போனார்கள், பார்த்தார்கள், திரும்பி வந்து ஒருவர் காதுக்குள் ஒருவர் ஏதோ சொன்னார்கள். "பாவம், கையிலை இல்லைப் போலை," என்று யாரோ சொன்னது தியாகலிங்கத்துக்குக் கேட்டது. மங்கையற்கரசிக்கும் கேட்டிருக்கும். தலைமாட்டில் கல்லுப்போல் நின்றாள்.

ஏழு மணியளவில் வதனாவின் பேராசிரியை வந்தார். நரைத்த தலைமயிரைக் கட்டையாக வெட்டிய, மெலிந்த பெண்மணி. தியாகலிங்கத்தின் கையைப் பிடித்து இரண்டு வார்த்தை சொன்னார். பிறகு பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். மற்றவர்களைப்போல் முகத்தைப் பார்த்துவிட்டு நகரவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து, சீலையின் நெய்தலையும் கரையையும் தோளில் அது விழுந்திருந்த விதத்தையும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, பக்கத்தில் நின்ற மங்கையற்கரசியிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார்.

மங்கையற்கரசி துர்க்காவைப் பார்த்தாள்.

"அம்மா இதை எந்த நேரத்திலை உடுத்திறவ, எப்பிடி உடுத்திறவ எண்டு கேக்கிறா," என்றாள் துர்க்கா. "அவவுக்குத் தெரிய விருப்பமாம்."

மங்கையற்கரசிக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. "செத்தவீட்டிலை கேக்கிற கேள்வியே இது," என்று வாய்க்குள் சொன்னாள். பேராசிரியை காத்துக்கொண்டு நின்றார்.

"பள்ளிக்கூடத்துக்கு உடுத்தினவள் எண்டு சொல்லு," என்றாள் கடைசியில். "ஊரிலை படிப்பிக்கேக்கை. நாலு சீலைதான் அப்ப அவளிட்டை. இது செவ்வாயும் வெள்ளியும்."

துர்க்கா சொன்னாள். பேராசிரியை தலையசைத்தார்.

"சைக்கிளிலை போறவள். மழையெண்டால் கொய்யக மடிப்பைத் தூக்கி இடுப்பிலை செருகிக்கொண்டு, ஆரைப்பற்றியும் யோசியாமல் மிதிப்பாள். சொல்லு. சீலைத் தலைப்பிலை எந்த நேரமும் சோக்குத் தூள். கரும்பலகையை அதாலைதான் துடைக்கிறாளோ எண்டு நான் ஏசுறனான்." மங்கையற்கரசியின் குரலில் இப்போது வேகம் வந்திருந்தது. துர்க்கா ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் அவள் அடுத்ததற்குப் போய்விட்டாள். "ஒருநாள் சைக்கிள் செயினுக்குள்ளை கரை மாட்டி, இந்தளவுக்குக் கிழிச்சுக்கொண்டு வந்து நிண்டாள். அடுத்த நாளும் உடுக்கவேணுமாம். நான்தான் இருந்து தைச்சுக் குடுத்தனான். நில்லுங்கோ..."

குனிந்து, தங்கையின் கால்மாட்டில் சீலையின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டு போனாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. விளிம்பைப் புரட்டிக் காட்டினாள். கறுப்புக் கரைக்குள் கறுப்பு நூலால் நெருக்கமாக ஓடியிருந்த தையல். பேராசிரியை கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மிக அழகான தையல் என்றார். அதைத் துர்க்கா மொழிபெயர்க்கவேண்டியிருக்கவில்லை.

மங்கையற்கரசி விளிம்பைத் திரும்பச் சரிசெய்து, கால்விரல்கள் மறையும்படி இழுத்துவிட்டாள். அதன்பிறகு அவள் தலைமாட்டுக்குப் போகவில்லை. போகிற நேரம்வரையும் அங்கேயே, கால்மாட்டில் நின்றாள்.

மறுநாள் தகனம் முடிந்து வீட்டுக்கு வரப் பின்னேரமாகிவிட்டது. மங்கையற்கரசி சில நாட்கள் தங்குவதாகச் சொல்லி வந்திருந்தாள். வந்தவர்கள் போன பிறகு, குளிக்கமுன்னர், குசினி வாசலில் நின்று கேட்டாள்:

"தம்பி, எனக்கெண்டு அவள் ஒண்டும் சொல்லேல்லையோ?"

தியாகலிங்கம் தயங்கினான். பொய் சொல்லவேண்டும்போல் இருந்தது.

"நான் கேட்டனான் அக்கா. 'அக்கா என்ரையை எடுக்கமாட்டா' எண்டு சிரிச்சவ."

மங்கையற்கரசி கொண்டையை அவிழ்த்துத் தோளில் விட்டாள்.

"ஓம். எடுக்கமாட்டன்தான்," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

துர்க்கா செற்றியில் நித்திரையாகியிருந்தாள். தியாகலிங்கம் யன்னலருகில் இருந்தான். கீழே கார் தரிப்பிடத்தின் ஓரங்களில் அழுக்குப்பிடித்த பனி உருகிக்கொண்டிருந்தது. குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது. பிறகு வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. மங்கையற்கரசியின் உடுப்புப் பை மகனின் காரோடு மில்லிக்கனுக்குப் போய்விட்டது அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. எழுந்து போய்த் தட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கையில், அறைக் கதவு திறந்து சாத்துகிற சத்தம் கேட்டது.

அவள் குசினிக்குள் வந்தபோது வதனாவின் ஹவுஸ்கோட்டைப் போட்டிருந்தாள். சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன மஞ்சள் பூப்போட்டது. கழுவிக் கழுவிப் பூக்கள் மங்கிப்போனது. அவள் உயரத்துக்கு அது கட்டையாக, கணுக்காலுக்கு மேலே நின்றது. ஈரத் தலையைத் துவாயால் முடிந்திருந்தாள்.

"உமக்கும் போடட்டே தேத்தண்ணி?" என்றாள், அவனைப் பாராமல்.

"ஓம் அக்கா."

தண்ணீர் கொதித்தது. இரண்டு கோப்பைகளை எடுத்து வைத்துத் தேயிலைச் சாயத்தை ஊற்றினாள். சீனியைப் போடும்போது இடது கை தன்பாட்டில் ஹவுஸ்கோட்டுப் பைக்குள் போனது. போன இடத்தில் வதனா போட்டுவைத்து மறந்த எதுவோ தட்டுப்பட்டிருக்கவேண்டும். அவள் அசையாமல் நின்றாள். அதை வெளியே எடுக்கவில்லை. கையை உள்ளேயே வைத்துக்கொண்டு, மற்றக் கையால் கரண்டியைப் பிடித்து, கரைந்த பிறகும் தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே நின்றாள்.