ஜாபிரின் சம்மதம்

அன்று காலை அதிராம்பட்டினத்தில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள் மூவர். அப்துல் ஹமீது ஆகிய நான், ஜன்னலோர மேசையில். என் மகன் ஜாபிரோடு வேலை பார்த்த தஞ்சாவூர் செந்தில்குமார், எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் லேப்டாப்போடு. மருமகள் ஃபஹ்மிதா, கணவனை இழந்தவள் அந்நிய ஆண்கள் முன் வராமல் இத்தா இருக்கும் காலம் என்பதால் உள்ளறையில், திரைக்குப் பின்னால். ஜாபிர் வெள்ளத்தில் மௌத்தாகி இருபத்தெட்டு நாள் ஆகியிருந்தது.

வாய்க்காலில் தண்ணீர் மட்டம் அளக்கும் கருவிகள் இணையம் வழியே எச்சரிக்கை அனுப்புவதற்கான விதிமுறையை அவர்கள் இருவரும் ஐந்து வருடமாக எழுதினார்கள். பல நாட்டுப் பொறியாளர்கள் ஆட்சேபம் அனுப்புவார்கள், இவர்கள் திருத்துவார்கள். பதினேழு தடவை. "நிக்காஹ்லகூட ஒரு தடவதான் வாப்பா சம்மதம் கேட்டாங்க," என்பான் ஜாபிர்.

இப்போது அதை வெளியிடும் வெளிநாட்டுக் குழு ஏற்றுக்கொண்டுவிட்டது. முதல் பக்கத்தில் பெயருள்ள ஒவ்வொருவரும் கடைசியாகச் சம்மதம் தந்தால் வெளியாகும். இறந்தவருக்குக் குடும்பத்தார் கையெழுத்திட்ட கடிதம் போதும் என்று எழுதியிருந்தார்கள்.

அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் எழுதி, "இந்த இறுதி வடிவத்துக்கு என் மகன் சம்மதித்திருந்தான்" என்ற வரியைப் படித்துக் காட்டினேன்.

"அது பொய், மாமா," என்றாள் ஃபஹ்மிதா.

வெள்ளத்தன்று கரையிலிருந்து அவன் அவளுக்குப் போன் செய்திருக்கிறான். கரண்ட் போய் வந்ததும் எல்லாக் கருவியும் ஒரே நொடியில் செய்தி அனுப்பியதில் ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லையாம். கருவி எப்போது செய்தி அனுப்பணும் என்று சொல்லும் ஆறாம் பகுதி தப்பு, மாற்றணும் என்றானாம். பிறகு கருவியைப் பார்க்க இறங்கியிருக்கிறான். கரை உடைந்தது.

செந்தில் மறுக்கவில்லை. மாற்றினால் மறுபடி குழுவுக்குப் போகும், வேறு யாராவது திருத்தி எழுதுவார்கள், முதல் பக்கத்தில் அவர்கள் பெயர்தான் வரும் என்றான். "ஜாபிர் பேரு கடைசில நன்றி சொல்ற இடத்துக்குப் போயிடும், தங்கச்சி."

"எனக்கு மட்டும் ஆசை இல்லையாண்ணே? அவங்க பேரு போட்ட தாளை நம்பித்தானே நாளைக்கு ஒருத்தர் கரையில நிப்பாரு."

நான் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு வேறொன்று எடுத்து எழுதினேன்.

"என் மகன் சம்மதிக்கவில்லை. காரணம், ஆறாம் பகுதி."

திரைக்கு அடியில் தள்ளினேன். கையெழுத்தோடு திரும்பி வந்தது. அதன் கீழே நான் போட்டேன். சாட்சியாகச் செந்தில் போட்டான். உறையில் இட்டுப் பசை தடவி ஒட்டினேன். தபால் நிலையத்தில் எடை போட்டு, முத்திரை குத்தி, வெளிநாட்டுத் தபால் பையில் போட்டார்கள்.