மூன்று திருமதிகளும் ஒரு மிளகு கேக்கும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மில் பெண்ட் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நூலகத்தில் வேலை பார்க்கிறவள் மெதுவாகப் பேச வேண்டும் என்பார்கள். நான் மெதுவாகத்தான் பேசுவேன், ஆனால் பிடித்த பிடியை விடமாட்டேன். அந்தக் குணத்தால்தான் 1976 ஏப்ரலில், நகரசபைக் கூட்டத்தில் போய் வம்பை விலைக்கு வாங்கினேன்.

ஊருக்குப் புது நூலகம் எழும்பிக்கொண்டிருந்தது. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து இருநூறு வருஷம் என்று தெருவெல்லாம் கொடி, தோரணம். தீயணைப்புத் தண்ணீர்க் குழாய்களைக்கூட விடாமல் சிவப்பு, வெள்ளை, நீலம் அடித்துவிட்டார்கள். ஜூலை நாலாம் தேதி நூலகத் திறப்பு விழா. அதற்கு ஆமோஸ் ஸ்ட்ரவுட் பெயர் வைப்பதாகப் பேச்சு. ஆமோஸ் அந்தக் காலத்து மர வியாபாரி, பழைய நூலகத்துக்கு நிலம் கொடுத்தவர். கொடுத்தார், நான் மறுக்கவில்லை. பிளாட் என்கிற எங்கள் ஊர் ஆற்றின் ஓரம், வருஷத்தில் பாதி நாள் தவளை குடியிருந்த நிலம். அதற்கப்புறம் அவர் நூலக வாசலை ஒருதரம் மிதித்ததாக எங்கேயும் ஒரு வரி கிடையாது. பழைய செய்தித்தாள்களை மைக்ரோஃபிலிமில் ஓட்டி ஓட்டிக் கண் பூத்துப்போனவள் நான். தெரிந்துதான் சொல்கிறேன்.

கூட்டத்தில் எழுந்து நின்றேன். இந்த ஊரில் நூலகத்தை ஆரம்பித்தது பெண்கள். மளிகைக் கடை மாடியில் ஒரு அறை பிடித்து, வீட்டிலிருந்த புத்தகங்களைக் கூடையில் சுமந்து வந்து அடுக்கியது பெண்கள். பெயர் வைப்பதானால் அவர்களில் ஒருத்தி பெயரை வையுங்கள் என்றேன். சபைத் தலைவன் வெண்டல் ஸ்ட்ரவுட், ஆமோஸின் பேரன். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பின் பெஞ்சு. கோபப்படவே தெரியாத மனுஷன், அதனாலேயே எனக்கு அவன்மேல் எரிச்சல்.

"லவோன், விதி உனக்குத் தெரியாததா? இருபது வருஷமாவது ஊருக்கு உழைச்சவங்க பேரைத்தான் கட்டடத்துக்கு வைக்கலாம். தாத்தா அதுக்கு மேலேயே சபையில இருந்தாரு. அப்படி உழைச்ச ஒரே ஒரு பொம்பளை பேரைச் சொல்லு, முதல் கை என்னுதுதான்."

சபையில் இருந்தாரு. உட்கார்ந்து இருந்தாரு. அதைச் சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது, கடித்துக்கொண்டேன். ஏனென்றால் என்னிடம் சொல்ல ஒரு பெயர் இல்லை. மூன்று பெயர் இருந்தது. அதுதான் தொல்லை.

கல்யாணமான பெண்ணைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினால் எங்கள் பக்கம் அந்தக் காலத்தில் ஒரே வழக்கம்தான். திருமதி என்று போட்டு, அவள் புருஷனின் முழுப் பெயரைப் போடுவார்கள். அவ்வளவுதான் அவள். அப்படித்தான் எனக்கு மூன்று பேர் கிடைத்திருந்தார்கள். திருமதி ஹ்யூகோ லிண்ட்கிரென், மாடி அறையைத் திறந்து ஒன்பது வருஷம் நடத்தினாள். அடுத்து திருமதி சைலஸ் பெட்ரி, பதினோரு வருஷம். குதிரை வண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போனவள் அவள். கடைசியில் திருமதி ரூஃபஸ் வான்ஸ், பன்னிரண்டு வருஷம். கஷ்ட காலம் வந்து, நூலகத்தை மூடு என்று சபை சொன்னபோது, சம்பளம் வேண்டாம், சாவியை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள் என்று சொன்னவள். மூவருமே தங்கமான பெண்கள், ஒருத்திக்கும் இருபது எட்டவில்லை. ஊர் வரலாறு எழுதிய பழைய வாத்தியாரும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தார், சீமாட்டிகள் மூவர் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள் என்று.

மே மாதக் கூட்டத்தில் வாக்கெடுப்பு. அதற்குள் ஒருத்திக்காவது இன்னும் சில வருஷம் தேற்றிவிடலாம் என்று விழுந்து விழுந்து தேடினேன். முன்னால் என்ன செய்தாள், பின்னால் என்ன செய்தாள், எப்போது செத்தாள். லிண்ட்கிரென் மனைவி 1907-க்கு அப்புறம் ஆளையே காணோம். பெட்ரி மனைவிக்கு அதற்கு முன்னாலும் ஒன்றுமில்லை, பின்னாலும் ஒன்றுமில்லை. ஆமோஸின் குதிரை பெயர் டியூக், அது பத்திரிகையில் இரண்டு தரம் வந்திருக்கிறது. இந்த மூன்று பெண்களின் சொந்தப் பெயர் ஒரு தரம் வரவில்லை. குதிரைக்கு இருந்த யோகம்கூட இவர்களுக்கு இல்லை. இதை நினைத்து நினைத்து எனக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

சாப்பாடு என்றதும் என் வீட்டுக்காரர் டெல்மரைச் சொல்ல வேண்டும். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து எங்கள் வீட்டுச் சமையல் அவர்தான். நான் வெந்நீர் வைத்தாலே அடிப்பிடிக்கும் என்பார். இருநூறாவது ஆண்டுக்கு ஊர் சமையல் புத்தகம் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. அதைத் தொகுத்தவள் நகரசபை எழுத்தர் ஃபெர்ன். டெல்மர் தன் உருளைக்கிழங்கு சாலட் குறிப்பைக் கொடுத்திருந்தார். அவள் அதை அழகாகத் தட்டச்சு செய்து, கீழே 'திருமதி டெல்மர் நீமன்' என்று போட்டு அனுப்பியிருந்தாள். அதாவது நான். உருளைக்கிழங்கை எந்தப் பக்கம் உரிப்பது என்று தெரியாத நான். டெல்மர் அன்றைக்கெல்லாம் என்னைக் கும்பிட்டுக் கும்பிட்டு வழிவிட்டார்.

திறப்பு விழாவுக்கு ஆளுக்கொரு பண்டம் கொண்டுவர வேண்டும். பழைய காலத்துப் பண்டமாகச் செய்கிறேன் என்று ஒரு சனிக்கிழமை டெல்மர் நூலகத்துக்கே வந்துவிட்டார். உள்ளூர் வரலாற்று அறையில் இருக்கும் சமையல் புத்தகங்களை எடுத்து வைத்தேன். எல்லாம் நம் ஊர்ப் பெண்கள் நிதி திரட்டப் போட்டவை. லூத்தரன் தேவாலயம் போட்டது ஒன்று, மகளிர் மன்றம் போட்டது ஒன்று, நூலகக் கூரைக்காகப் போட்டது ஒன்று. தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, மனுஷன் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். இரண்டு தரம் அதட்டினேன். கேட்டால்தானே.

"ஏம்மா தாயே, உங்க ஊர்ப் பொம்பளைங்களுக்கு வெக்கமே கிடையாதா? ஒருத்தி குறிப்பை இன்னொருத்தி அப்படியே காப்பியடிச்சிருக்கா. இங்க பாரு, வெல்லப்பாகு ஊத்தி மிளகு போட்ட கேக். மூணு புத்தகத்துலயும் இருக்கு."

கேக் என்றால் ஒன்றுபோலத்தான் இருக்கும், சத்தம் போடாமல் படியுங்கள் என்றேன்.

"கேக்கைச் சொல்லலடி. கடைசி வரியைக் கேளு. 'அடுப்புக் கதவைத் திறந்து எட்டிப் பார்க்காதே. அதற்குத் தன் வேலை தெரியும். போய் அரை மணி நேரம் ஏதாவது படி.' மூணுலயும் இதே வரி. இந்தம்மா சமைக்கச் சொல்லித் தர்றாளா, திட்டுறாளா?"

கையில் இருந்த மைக்ரோஃபிலிம் சுருளைக் கீழே வைத்தேன். அடியில் என்ன பெயர் போட்டிருக்கிறது, மூன்றையும் படியுங்கள் என்றேன்.

டெல்மர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். தேவாலயப் புத்தகத்தில் திருமதி ஹ்யூகோ லிண்ட்கிரென். மகளிர் மன்றத்தில் திருமதி சைலஸ் பெட்ரி. கூரைப் புத்தகத்தில் திருமதி ரூஃபஸ் வான்ஸ்.

மூன்று பேரும் ஒரே ஆள் என்று, நூலகம் என்றும் பாராமல் கத்திவிட்டேன். செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

அப்புறம் எனக்கே சந்தேகம் வந்தது. மூவரும் தோழிகளாக இருந்திருக்கலாம். குறிப்பு கைமாறியிருக்கலாம். வெண்டல் இதைத்தான் முதலில் கேட்பான். டெல்மரிடம் சொன்னேன். அவர் தாடையைச் சொறிந்தார்.

"குறிப்பைக் காப்பியடிப்பாங்க லவோன். அதட்டலை எவ காப்பியடிப்பா?"

திங்கட்கிழமை காலையில் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனேன். ஊராருக்காகத் திருமணப் பதிவுகளை எத்தனையோ தரம் புரட்டியவள்தான் நான். ஆனால் பத்திரிகையில் மூன்று பெண்களைத் தேடினேனே தவிர, ஒருத்தியைத் தேடவில்லை. புருஷன்மார் பெயரை வைத்துக்கொண்டு பின்னாலிருந்து தொடங்கினேன். ரூஃபஸ் வான்ஸ், 1919. மணமகள் அல்பீனா பெட்ரி, விதவை. விஷக்காய்ச்சல் வந்து ஊரில் பாதிப் பேரைக் கொண்டுபோன வருஷத்துக்கு அடுத்த வருஷம். சைலஸ் பெட்ரி, 1907. மணமகள் அல்பீனா லிண்ட்கிரென், விதவை. ஹ்யூகோ லிண்ட்கிரென் ரயில் பெட்டிகளை இணைக்கும்போது நசுங்கிச் செத்தது எனக்கு முன்பே தெரியும். அவனுக்கு மனைவி இருந்தாள், அவன் போன பிறகும் அவள் வாழ்ந்தாள் என்பதுதான் எவருக்கும் தோன்றவில்லை. அதற்கும் முன்னால், ஹ்யூகோவின் கல்யாணம், 1896. மணமகள் அல்பீனா செட்லக். வயது இருபத்தொன்று.

அல்பீனா செட்லக். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு புருஷனைப் புதைத்துவிட்டு, ஒவ்வொரு தரமும் திரும்பி வந்து அதே கதவைத் திறந்தவள். முப்பத்திரண்டு வருஷம். ஊர் அவளை மூன்று துண்டாக வெட்டி, மூன்றும் சின்னது என்று ஒதுக்கி வைத்திருந்தது. நீதிமன்ற மேஜையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். துக்கத்தில் இல்லை. என் பாட்டியாகவோ அத்தையாகவோ இல்லாத ஒரு பெண்ணை நினைத்து நெஞ்சு அப்படி நிமிர்ந்தது எனக்கு அன்றைக்குத்தான்.

மே கூட்டத்துக்கு மூன்று சமையல் புத்தகமும், பதிவுகளின் நகலும் கொண்டுபோனேன். பெயர்களை வரிசையாகச் சொன்னேன், ஆண்டுகளைச் சொன்னேன், கடைசியில் அந்தக் கேக்கின் அதட்டலை மூன்று தரம் படித்தேன். மூன்றாம் தரம் படிக்கும்போது சபையில் சிரிப்பு எழுந்தது, பிறகு அடங்கியது. மளிகைக்கடைக்காரர் ஒருவர், சின்ன வயசில் அந்தம்மாவிடம் அதட்டு வாங்கியிருக்கிறேன், புத்தகத்தை மடக்கினால் காதைத் திருகும் என்றார்.

சரி என்று ஆனதும் புதுச் சண்டை கிளம்பியது. எந்தப் பெயரை வைப்பது? கடைசிப் புருஷன் பெயர்தானே முறை என்றார் ஒருவர். வான்ஸ் குடிகாரன், பெட்ரி என்று வையுங்கள் என்றார் இன்னொருவர். லிண்ட்கிரென்தான் முதலில் என்றார் மூன்றாமவர். எந்தப் புருஷன் உசத்தி என்று அங்கே பெரிய பஞ்சாயத்தே நடந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"அந்த மூணு பேர்ல எவனாவது ஒரு நாள் அந்தக் கதவைத் திறந்து வச்சானா? திறந்தவ அல்பீனா செட்லக். பொறந்தப்போ வச்ச பேரு. அதை வைங்க."

வெண்டல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். சுவரில் மாட்டியிருந்த தாத்தா படத்தை ஒரு தரம் பார்த்தான்.

"தாத்தா இருந்திருந்தா என் தோலை உரிச்சிருப்பாரு," என்று சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினான். சொன்னபடி முதல் கை. மற்ற கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. அந்த நிமிஷத்தில் வெண்டல்மேல் இருந்த எரிச்சல் முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். பாதி போனது.

கூட்டம் முடியும்போது எழுத்தர் ஃபெர்ன் நடவடிக்கைக் குறிப்பை வாசிக்க வேண்டும், அது வழக்கம். எழுந்து கண்ணாடியைச் சரிசெய்து வாசித்தாள். புது நூலகத்துக்கு அல்பீனா செட்லக் பெயர் சூட்டப்படுகிறது. இதை முன்மொழிந்து பேசியவர் திருமதி டெல்மர் நீமன்.

நான் மறுபடியும் எழுந்தேன். வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஐயோ என்று உட்கார்ந்தார்கள்.

"ஃபெர்ன், டெல்மர் வீட்ல உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிட்டிருக்காரு. பேசினது நான். என் பேரு லவோன்."

ஃபெர்ன் முகம் சிவந்தது. என்னோடு சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். அவள் பேனாவை எடுத்தாள், பழையதை அடித்தாள், எழுதினாள். அப்புறம் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போடப் போனவள் அப்படியே நின்றாள். இத்தனை வருஷமும் அவள் அங்கே போட்டது திருமதி ஹார்லன் பெக். கொஞ்ச நேரம் பேனா காற்றிலேயே இருந்தது. என்ன போட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை, தாளை மூடிவிட்டாள்.

மறுநாளிலிருந்து ஊரில் தொலைபேசி மணி ஓயவில்லை. ஃபெர்ன் சமையல் புத்தகத்தில் குறிப்பு கொடுத்த ஒவ்வொரு பெண்ணையும் கூப்பிட்டு, உன் பேர் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அச்சுக்கூடக்காரர் தலையில் அடித்துக்கொண்டாராம். சிலர் சிரித்தார்களாம். ஒருத்தி, இருங்கள் அவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாளாம், பத்து நிமிஷத்தில் தானே கூப்பிட்டு, அவரை எதற்குக் கேட்க வேண்டும் என்று தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னாளாம்.

ஜூலை நாலாம் தேதி கட்டட வாசலில் கல்லில் செதுக்கிய பெயரைத் திறந்தார்கள். அல்பீனா செட்லக் நூலகம். கூட வேறெந்தப் பெயரும் இல்லை. டெல்மரின் மிளகு கேக் மேஜைக்கு வந்த சுருக்கில் தீர்ந்துபோனது. அடுப்புக் கதவைத் திறந்து பார்க்கவே இல்லை என்று சத்தியம் செய்தார், நான் நம்பவில்லை. புதுச் சமையல் புத்தகத்தில் உருளைக்கிழங்கு சாலட் பக்கத்தில் டெல்மர் நீமன் என்று அவர் பெயரே இருந்தது. அதை ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு ஃபெர்ன் என்னிடம் வந்தாள். ஒரு பிரதியைப் பிரித்து நீட்டினாள். பீட்ரூட் ஊறுகாய்க் குறிப்பு. அடியில் ஃபெர்ன் நோவாட்னி என்று இருந்தது. யார் இது, நம் ஊரில் அப்படி யாருமில்லையே என்று கேட்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

"நான்தான்," என்றாள். "பொறந்த வீட்டுப் பேரை அச்சுல பார்த்ததே இல்ல லவோன். காலையிலிருந்து இந்தப் பக்கத்தையேதான் பார்த்துக்கிட்டிருக்கேன்."