மூலையில் ஒரு பொத்தான்

கையால் ஆடுகிற ஆட்டத்தைக் கை விளங்காதவனுக்கு எப்படிக் கொடுப்பது என்பதுதான் பள்ளத்தூரில் அந்த வீட்டுக்குள் பேச்சாக இருந்தது. சரவணகுமார் சென்னையிலிருந்து ஒரு பெட்டி நிறையச் சாமான் கொண்டுவந்திருந்தான். மெய்நிகர் விளையாட்டு செய்வதுதான் அவன் பிழைப்பு. கட்டிலில் கிடக்கிற முத்தரசு, அவன் அக்கா ஈஸ்வரியின் கணவன்.

போன மாசி மஞ்சுவிரட்டில் முதலில் கோயில் மாடு வந்தது. அதை யாரும் பிடிப்பதில்லை, கும்பிட்டு வழிவிடுவார்கள். ஊரறிந்த மாடுபிடிக்காரன் முத்தரசும் கும்பிட்டு நின்றான். தனக்கு முதுகு என்று ஒன்று இருப்பதை அந்த நேரத்தில் மறந்துபோனான். வயலில் யாரோ அவிழ்த்துவிட்ட மாடு பின்னாலிருந்து தூக்கி எறிந்தது. கூப்பிய கையைப் பிரித்து ஊன்றக்கூட முடியாமல் கழுத்து மடங்க விழுந்தான். கழுத்துக்குக் கீழே எதுவும் இப்போது அவன் பேச்சைக் கேட்பதில்லை. உயிர் பிழைத்தது சாமி புண்ணியம் என்று வருகிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். அதைக் கேட்டால் ஈஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆரம்பத்தில் அவன் பேசினான். "போதும் ஈசு, என்னய விட்ரு" என்பான். வீடே திரண்டு அவன் வாயை அடைத்தது. "அப்படியெல்லாம் பேசாதீக" என்று முதலில் அதட்டியவள் ஈஸ்வரிதான். பிறகு பேச்சை நிறுத்திவிட்டான். இப்போது கஞ்சிக் கரண்டியைக் கண்டால் உதட்டை இறுக்கிக்கொள்கிறான். இப்படியே போனால் மூக்கில் குழாய்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எதிலாவது ஓர் ஆசை வந்துவிட்டால் வாய் திறக்கும் என்று நம்பித்தான் தம்பியை வரவழைத்தாள்.

முகத்தில் மாட்டும் கருவியோடு கைப்பிடி இரண்டு வந்திருந்தன. அவற்றைத் துணியால் முத்தரசின் கையோடு கட்டிப் பார்த்தார்கள். பொத்தானை அழுத்த விரல் வேண்டுமே. கைப்பிடி இல்லாமல் கேமராவே கையைப் பார்த்துக்கொள்ளும் முறையையும் போட்டார்கள். கருவிக்குள்ளே இரண்டு கைகள் தோன்றி, வெளியே கிடப்பது போலவே மடியில் கிடந்தன. முத்தரசு கண்ணை மூடிக்கொண்டான். சரவணகுமார் அவசரமாக அதை அணைத்தான். குழாயில் ஊதி இயக்கலாம் என்றால், இருமவே திராணியில்லாத நெஞ்சு அது.

"கண்ணு மிச்சமிருக்குக்கா" என்றான் சரவணகுமார்.

கண் போகிற இடத்துக்கு ஒரு புள்ளி போகும். ஒரு பொருளையே பார்த்துக்கொண்டிருந்தால் அதைச் சுற்றி மஞ்சள் வளையம் வளரும். வளையம் மூடினால் அதைத் தொட்டதாக அர்த்தம். மச்சானுக்காக அவனே ஒரு பொட்டலையும் ஒரு காளையையும் செய்துவைத்திருந்தான். திமிலைப் பார்த்தால் பிடி விழும். மூலையில் 'ஆட்டத்தை முடி' என்று ஒரு சிவப்புப் பொத்தான்.

"மாடு வேணாம்டா" என்றாள் ஈஸ்வரி.

"மச்சானுக்கு வேற என்னக்கா புடிக்கும்?"

ஈஸ்வரி கணவனின் தலையைத் தூக்கிப் பிடித்தாள். மாட்டினார்கள். அவன் பார்ப்பதை மடிக்கணினியில் இவர்களும் பார்த்தார்கள். புள்ளி பொட்டலில் அலைந்தது, காளையின் காலில் ஏறியது, திமிலில் நின்றது. மஞ்சள் வளையம் வளர்ந்தது. ஒரு வருடமாக எதன் மேலும் நிலைக்காத கண். ஈஸ்வரி திரையை நெருங்கிக் குனிந்தாள்.

வளையம் மூடுவதற்குள் புள்ளி விலகியது. நேராக மூலைக்குப் போனது. சிவப்புப் பொத்தானைச் சுற்றி வளையம் மூடியது. திரை இருண்டது.

"தெரியாமப் பாத்துட்டீகளா மச்சான்?" என்று சரவணகுமார் மறுபடி தொடங்கினான். இந்த முறை புள்ளி காளைப் பக்கமே போகவில்லை. அடுத்த முறையும் அப்படியே. முத்தரசு பழகிவிட்டான். அவ்வளவு சுருக்கில் பழகுவான் என்று யாரும் நினைக்கவில்லை.

முத்தரசு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் பழைய பேச்சைத்தான் பேசுகிறான் என்பது ஈஸ்வரிக்கு விளங்கிற்று. அப்போது அதட்டி அடக்கினாள். கண்ணை எப்படி அதட்டுவது?

சரவணகுமார் அக்காவைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "வேணும்னா அந்தப் பொத்தானை எடுத்துர்றேன்க்கா. அப்ப ஆடித்தான் ஆகணும்."

ஈஸ்வரி கட்டிலைப் பார்த்தாள். கருவிக்குக் கீழே அந்த உதடு இறுகியிருந்தது. அவன் சொல்வதை ஒரு தடவையாவது கேட்டால் என்ன என்று மனசு சொன்னது. கேட்டுவிட்டு அப்புறம் என்ன செய்வது, குழாயும் வேண்டாம் என்று பார்த்துக்கொண்டிருப்பதா? அவளால் முடியாது. அவளுக்கு அவன் வேண்டும்.

"எடுத்துரு" என்றாள்.

மறுபடி பொட்டல் விரிந்தது. புள்ளி நேராக மூலைக்குப் போனது. அங்கே வெறும் வானம்தான் இருந்தது. புள்ளி அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றித் தேடியது. மற்ற மூலைகளுக்கும் போய்ப் பார்த்துவிட்டு அங்கேயே திரும்பி வந்து நின்றது. வளையம் வரவில்லை. காளை பாட்டுக்குத் திமிலை ஆட்டிக்கொண்டு நின்றது.

பிறகு புள்ளி மறைந்தது. கண்ணைக் காணவில்லை என்று திரையில் எழுத்து வந்தது.

"மூடிக்கிட்டாகக்கா" என்றான் சரவணகுமார்.

அடுப்படியில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த மாமியார் அக்கம்மாள் அங்கிருந்தே கேட்டாள்: "ஏத்தா, வெளையாடுறானா?"

ஈஸ்வரி மடிக்கணினியை மூடினாள்.

"வெளையாடுறாக அத்தே" என்றாள். "கஞ்சியக் கொண்டாங்க."