அண்ணளவு மாணிக்கவாசகம்

1984 ஆடியில், மாத்தளைக்குக் கிட்ட, பலாபத்வல சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கிய மாணிக்கவாசகத்திடம், மாணிக்கவாசகத்தின் நடை மட்டுமே இருந்தது. முகம் வேறு யாருடையதோ. அசல் மாணிக்கவாசகம் அதற்கு முந்தின ஆடியில் வீட்டை விட்டுப் போனவர். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து கெம்பஸில் கணிதம் படிப்பித்த மனுசன். வளைந்து நெளிந்து போகும் ஒரு கோட்டுக்கு எளிய கோடு ஒன்றால் எவ்வளவு கிட்டப் போகலாம் என்று பார்க்கிற படிப்பு அவருடையது, அண்ணளவாக்கம் என்பார்கள். அதற்கு ஒரு மாநாட்டை, ஒற்றைக்காலில் நின்று, மாத்தளைக்கே கொண்டுவந்தார். வெளிநாட்டு விருந்தாளிகளைக் கூட்டிவரக் கண்டிக்குப் பஸ் ஏறினார். வழியில் கலவரக்காரர்கள் மறித்தார்கள், பேரைக் கேட்டார்கள், இறக்கினார்கள். அதற்கு மேல் தெரிந்தவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை, பாவிகள்.

அவருடைய மனைவி காத்தாயி, நடை மட்டும் கொண்டு வந்தவரை விரட்டவில்லை. "நீங்க யாரோ எவரோ, வந்ததுக்கு ஒரு வா சாயம் குடிச்சிட்டுப் போங்க" என்று தேயிலைச் சாயத்தையும் கொஞ்சம் சீனியையும் கொடுத்தாள். தோட்டத்துப் பிள்ளைகள் சீனியைச் சாயத்தில் கலக்க மாட்டார்கள். உள்ளங்கையில் வைத்து ஒரு நக்கு, ஒரு மிடறு. பெரிய விரிவுரையாளரான பிறகும் மாணிக்கவாசகம் அப்படித்தான் குடிப்பார், குடித்துவிட்டுப் பிசுபிசுத்த கையைக் காத்தாயியின் முந்தானையில் துடைப்பார். எத்தனை ஏச்சு வாங்கினாலும் துடைப்பார். வந்தவரோ சீனியைக் கோப்பையில் கொட்டிக் கலக்கினார். காத்தாயி குசினிக்குள் போய் அழுதாள்.

அடுத்த ஆடியில் வந்தவரிடம் நடையோடு இருமலும் இருந்தது. அதற்கடுத்தவருக்குக் குரலும் வந்துவிட்டது. தீ வைத்த வருஷங்களிலும் ஆட்கள் காணாமற்போன வருஷங்களிலும் ஆடிக்கு ஒருவராக இறங்கினார்கள், ஒருவரை விட ஒருவர் கிட்டத்தில். பழையவர்கள் ஊரிலேயே தங்கினார்கள். ஒருவர் மிளகுக் கடையில், ஒருவர் நாவுல ஊருக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர். எல்லாருக்கும் கணக்கு நன்றாக வந்ததால் ஊருக்கு நட்டமில்லை. மாநாட்டையும் விடவில்லை. மாணிக்கவாசகத்தின் கெம்பஸ் கூட்டாளி, காத்தாயி அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் அப்துல் ஸமத், அதை ஆடிதோறும் நகரத்து மண்டபத்தில் நடத்தினார். வந்த அறிஞர்கள் மாணிக்கவாசகங்களை வரிசையில் நிற்பாட்டி ஆராய்ந்தார்கள்.

காத்தாயி கருமாதியும் செய்யவில்லை, பொட்டையும் அழிக்கவில்லை. மகளுக்குக் கலியாணம் கூடியபோதுதான் சொந்தபந்தம் பிடித்துக்கொண்டது. தாரை வார்க்க அப்பன் வேண்டும். அப்பன் இல்லையென்றால் தாலியறுத்தவள் மணவறைப் பக்கம் வரக்கூடாது. இருக்கிறாரா இல்லையா, ஒன்றைச் சொல் என்றார்கள். அந்த ஆடியில் இறங்கியவர் சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கினார், சாயத்தைக் குடித்தார், பேசிக்கொண்டே காத்தாயியின் முந்தானையை இழுத்துக் கையைத் துடைத்தார். காத்தாயி அப்படியே மாநாட்டு மண்டபத்துக்கு ஓடினாள்.

"நானா, இவரு அவருதானா? மழுப்பாம சொல்லுங்க."

அப்துல் ஸமத் கரும்பலகையைப் பார்த்தார், அவளைப் பார்க்க முடியாமல். "வித்தியாசம் மிச்சம் கொஞ்சம், தங்கச்சி. நீங்க எவ்வளவு சின்னதாக் கேட்டாலும் அதவிடச் சின்னதாக் காட்டுவோம். ஆனா பூச்சியமாகாது. அதையும் நிறுவிட்டோம்."

"மிச்சமிருக்கிறது எங்கிட்டு இருக்கு? கண்ணுலயா, கையிலயா?"

"எங்கேன்னு சொல்ல ஏலாது. இருக்குன்னு மட்டுந்தான் சொல்ல ஏலும்."

"நானா, அப்ப அந்த மிச்சந்தான் எம்புருசன்" என்றாள் காத்தாயி. வெள்ளைக்காரர்கள் முன்னால், தலையில் அடித்துக்கொண்டு, அத்தனை வருஷ அழுகையையும் அழுதாள். அப்துல் ஸமத்தும் சின்னப்பிள்ளை போல விம்மினார். அன்றைக்கு மாநாடு அதோடு கலைந்தது.

ஆவணியில் கலியாணம் நடந்தது. அந்த ஆடிக்காரர் தாரை வார்த்தார், பொட்டோடு காத்தாயி பக்கத்தில் நின்றாள், ஒருவரும் குறை சொல்லவில்லை. அவர் வீட்டிலேயே தங்கினார். நல்ல மனுசன், ஒழுகின குழாயைக்கூடத் திருத்தினார். அதற்குப் பிறகு சந்தியில் வேறு யாரும் இறங்கவில்லை.

2009இல் யுத்தம் முடிந்துவிட்டது என்று ரேடியோ சொன்னது. அந்த வருஷத்து ஆடி நாளிலும், வீட்டிலிருந்தவர் டியூஷன் கொடுக்கப் போன பிறகு, காத்தாயி வழக்கம்போல, அசலானவர் உட்கார்ந்த காலிக் கதிரைக்கு முன்னால் ஒரு கோப்பை சாயமும் ஒரு சிட்டிகை சீனியும் வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையைக் கதிரைமேல் விரித்தாள். பொழுது சாயும்போது சீனி குறைந்திருந்தது, தீரவில்லை. முந்தானை ஓரத்தில் ஈரமாக, பிசுபிசுவென்று ஒரு கைத்தடம்.

பிள்ளையோடு வந்திருந்த மகள், "எறும்பு மொய்க்குதும்மா, சீலைய அலசிப் போடுங்களே" என்றாள்.

"நாளைக்கு அலசிக்கிறேன்" என்று காத்தாயி அதே சீலையோடு அடுப்புப் பற்றவைக்கப் போனாள்.