நூற்று நாற்பத்தொன்றாவது பஸ்

தனக்கோடி பதினோரு நாளாக ஒரே பஸ்ஸில் மாட்டிக்கொண்டிருந்தாள். தாரணிக்கு அது தெரியும். எந்த ஆட்டக்காரர் எங்கே எத்தனை முறை தோற்றார் என்று காட்டும் திரையை ஆபீஸுக்கு வந்ததும் முதல் வேலையாகத் திறப்பது அவள் பழக்கம். தனக்கோடியின் போன் எது என்பதும் அவளுக்குத் தெரியும். நூற்று நாற்பத்தொன்றாவது பஸ், தொண்ணூற்று மூன்று தோல்வி. திரையில் அந்த வரி பச்சையாக இருந்தது. விடாமல் திரும்பி வருகிறவர்களுக்கு பங்குதாரர் ராஜேஷ்குமார் தேர்ந்தெடுத்த நிறம் பச்சை.

‘ஜன்னல் சீட்’ தாரணியின் விளையாட்டு. போனில் ஒரு பஸ் வரும், ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஆட்கள் ஏறுவார்கள். ஒருத்திக்கு ஜன்னலோரம் வேண்டும். ஒருவர் மூட்டைக்கும் சேர்த்து இடம் கேட்பார். சண்டைபோட்ட ஓரகத்திகள் அருகருகே உட்கார மாட்டார்கள். எல்லோரையும் உட்காரவைத்தால் பஸ் கிளம்பும். ஒருவர் நின்றாலும் தோல்வி. எட்டு வருடம் ஒரு கம்பெனியில் மற்றவர்கள் யோசித்த விளையாட்டுகளுக்குப் பொத்தான் வரைந்துகொண்டு, சில்க் போர்டிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வரை பஸ்ஸில் நின்றபடியே போய்வந்தவளுக்குத் தோன்றிய விளையாட்டு அது.

வேலையை விட்டுவிட்டு ஹெப்பகோடியில் வாடகைக்கு எடுத்த வீட்டின் முன்னறையில் முதல் நூற்று நாற்பது பஸ்களையும் கட்டம் போட்ட நோட்டில் கையாலேயே போட்டாள். அந்த வீட்டைக் கூட்டித் துடைக்க வந்தவள்தான் தனக்கோடி. ஐம்பதை நெருங்கும் வயது, வாணியம்பாடிப் பக்கம். முதல் பஸ்ஸை முதலில் ஓட்டியதும் அவள்தான். துடைப்பத்தைச் சாத்திவிட்டு அவள் ஆட, தாரணி பின்னால் உட்கார்ந்து அந்தக் கட்டைவிரல் எங்கே தயங்குகிறது என்று குறித்துக்கொள்வாள். எவ்வளவு தடுமாறினாலும் உதவக்கூடாது, வாயே திறக்கக்கூடாது. டெஸ்ட் செய்யும்போது இந்தத் தொழிலில் அதுதான் விதி.

அந்த விதியை தாரணி ஒரே ஒரு தடவை மீறினாள். பதினேழாவது பஸ்ஸில் தனக்கோடி போனைக் கீழே வைத்துவிட்டு, “நம்ம மண்டைக்கு இது ஏறாதும்மா” என்று எழுந்தபோது.

“வழி இருக்குக்கா. எல்லா பஸ்ஸுக்கும் ஒரு வழி வச்சிருக்கேன். வழி இல்லாம ஒண்ணுகூடப் போட மாட்டேன்.”

தனக்கோடி மறுபடி உட்கார்ந்தாள். அன்றைக்கே அந்த பஸ் கிளம்பியது.

பிறகு பங்குதாரராக ராஜேஷ்குமார் வந்தான், முதலீடு வந்தது, எலெக்ட்ரானிக் சிட்டியில் ஆபீஸ் வந்தது. தனக்கோடியும் ஹவுஸ்கீப்பிங் சீருடையில் கூடவே வந்தாள். “கையால எத்தனை பஸ்தான் போடுவே?” என்று ராஜேஷ்குமார் கேட்டான். நூற்று நாற்பதுக்குமேல் வந்த பஸ்களை ஒரு கம்ப்யூட்டர் நிரல் போட்டது. ஆடுகிறவர் ஜெயிக்கப்போகும் நேரம் பார்த்து, எங்கேயும் உட்காரவைக்க முடியாத ஓர் ஆளை அது ஏற்றிவிடும். அவர் சலித்துப்போய் விட்டுவிடப்போகிறார் என்பதை, விரல் தளர்வதையும் ஆட்டத்துக்கு நடுவே இடைவெளி நீள்வதையும் வைத்து அது கண்டுபிடித்துவிடும், அப்போது மட்டும் வழிவிடும். அந்த நிரலை எழுதியது தாரணிதான். வருடக்கணக்காகப் பின்னால் உட்கார்ந்து தனக்கோடியின் கட்டைவிரலைப் பார்த்துக் கற்றதையெல்லாம் அதற்குள் வைத்தாள்.

தனக்கோடியின் விரல் இப்போது தளர்வதே இல்லை. வழி இருக்கிறது என்று நம்புகிறவள் ஏன் தளர வேண்டும்? அதனால் நிரல் அவளுக்கு வழிவிடவே இல்லை. நம்பிக்கை போனவர்கள் எல்லாம் நூற்று நாற்பத்தொன்றைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஒரு பொத்தானை அழுத்தினால் தாரணியே அந்த பஸ்ஸைக் கிளப்பிவிடலாம். ராஜேஷ்குமார் தடுத்தான்.

“வெள்ளிக்கிழமை கம்பெனிய விக்கற கையெழுத்து. அதுவரைக்கும் எதையும் தொடாத. வாங்கறவங்களுக்குக் காட்ட நம்மகிட்ட இருக்கறதுலயே பெரிய ஆளு அந்தம்மாதான்.”

“அவங்க தனக்கு மூளை மங்கிடுச்சுன்னு நினைக்கிறாங்க ராஜேஷ்.”

“இந்த ஆட்டத்துக்காக ஒம்பது வருஷம் உழைச்சிருக்கே. மூணு நாள் பொறுக்க முடியாதா உன்னால?”

கம்பெனியை வாங்கப்போகிறவர்களின் ஆள் ஷ்ரேயாஸ் வியாழக்கிழமை காலை வந்தான். டீ கொண்டுவந்த தனக்கோடியை ராஜேஷ்குமார் நிறுத்தி, எங்களுடைய முதல் ஆட்டக்காரர் என்று அறிமுகம் செய்தான். ஷ்ரேயாஸ் கன்னடத்தில் கேட்டான், இத்தனை தடவை தோற்றும் ஏன் விடவில்லை என்று. தனக்கோடியும் நல்ல கன்னடத்திலேயே பதில் சொன்னாள். ஆட்டத்தில் குறை ஒன்றுமில்லை, எல்லா பஸ்ஸுக்கும் வழி உண்டு, இந்தம்மா சொல்லியிருக்கிறார்கள், எனக்குத்தான் கண்ணில் படமாட்டேன் என்கிறது.

சொல்லிவிட்டு தாரணியின் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள். “இல்லீங்களாம்மா?”

மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் தாரணியைப் பார்த்தார்கள். ஷ்ரேயாஸுக்கு நிரல் தெரியும். உதட்டோரத்தில் லேசாகச் சிரிப்பு. டெஸ்ட் நடக்கிறது, பேசக்கூடாது என்று தாரணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது டெஸ்ட் இல்லை என்பது தெரிந்தேதான் சொல்லிக்கொண்டாள். பிறகு ஆமென்று தலையை ஆட்டினாள்.

“இவங்கள மாதிரி பத்து லட்சம் பேர் கிடைச்சா போதும்” என்றான் ஷ்ரேயாஸ்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கையெழுத்து ஆனது. எல்லோரும் கேக் வெட்டிக்கொண்டிருக்கும்போது தாரணி தண்ணீர் குடிக்கப் பேன்ட்ரிக்குப் போனாள். தனக்கோடி மேஜைமேல் காகித டம்ளர்களை இரண்டிரண்டாக வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். டம்ளர்கள் சீட்; சர்க்கரைப் பொட்டலங்கள் ஆட்கள். கடைசியில் ஏறும் மூட்டைக்காரருக்கு மட்டும் ஒரு டீத்தூள் டப்பா. பக்கத்தில் கிழித்த காலண்டர் தாள்களில், எந்தெந்த விதமாகப் பார்த்தாயிற்று என்று நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தது. எல்லாத் தாள்களிலும் கடைசியில் டப்பா வெளியே நின்றது.

தாரணி எல்லாத் தாள்களையும் படித்தாள். எதுவும் விட்டுப்போகவில்லை. கட்டம் போட்ட நோட்டை வைத்துக்கொண்டு அவளே உட்கார்ந்திருந்தாலும் இதைவிட ஒழுங்காகச் செய்திருக்க முடியாது.

“அக்கா, இதுல வழி இல்ல.”

தனக்கோடி நிமிரவில்லை. “எதுல?”

“இந்த பஸ்ல. வழியே இல்லாத மாதிரிதான் போட்டிருக்கு. நான்தான் போட்டேன்.”

தனக்கோடி இப்போது நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் கனிந்துபோனது. தாரணி எதிர்பார்க்காதது அதுதான்.

“நேத்து அந்தாளு முன்னாடி நான் திணறுனது உங்களுக்குச் சங்கடமாப் போச்சு. அதானே?”

“இல்லக்கா, நிஜமா.”

“சும்மா இருங்கம்மா. வழி இல்லாம ஒண்ணுகூடப் போட மாட்டேன்னு சொன்னவங்க நீங்க. நேத்தும் கேட்டேன், தலைய ஆட்டுனீங்க. இன்னிக்கு என் மனசு கஷ்டப்படக்கூடாதுன்னு மாத்திப் பேசறீங்க. நான் என்ன சின்னப் புள்ளையா?”

பத்தடி தள்ளி தாரணியின் மேஜைமேல் லேப்டாப் திறந்தே இருந்தது. எடுத்துவந்து நிரலைத் திறந்து, எந்த ஆளை எப்போது ஏற்றுகிறது என்று வரிவரியாகக் காட்டலாம். காட்டினால் தனக்கோடிக்குப் புரியும். அந்தக் கட்டைவிரலைப் பார்த்துத்தான் இதை எழுதினேன் என்பதும் சேர்ந்தே புரியும்.

தாரணி போகவில்லை. சொல்லியாயிற்று என்று உள்ளே ஏதோ ஒன்று ஆசுவாசமாக உட்கார்ந்ததை அவளே பார்த்தாள்.

“அக்கா...”

தனக்கோடி ஒரு சர்க்கரைப் பொட்டலத்தைப் பின்வரிசைக்கு நகர்த்தினாள்.

“பேசாம இருங்கம்மா. ஆடறப்ப பக்கத்துல இருந்து பேசக்கூடாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க.”

தாரணி பேசாமல் இருந்தாள். அது அவளுக்குச் சுலபமாகவே இருந்தது.