வாசலக்காவின் பத்தாவது வருகை

பேய்ப்படங்களைச் சேர்ந்து பார்க்கும் அந்தக் குழுவில் எந்தப் படத்தையும் யாரும் ‘நல்லா இல்ல’ என்று சொல்வதில்லை. படம் மோசமாக இருந்தால் ‘வித்தியாசமா இருந்துச்சு’ என்பார்கள். சகிக்க முடியாத அளவுக்கு இருந்தால் ‘ரொம்ப வித்தியாசமா இருந்துச்சு’ என்பார்கள். இதை எவரும் எழுதிவைக்கவில்லை. வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. ஆயினும் சிதம்பரத்துப் பவானியிலிருந்து கம்மாபுரத்துச் செம்பியன் வரை ஒருவரும் பிசகாமல் கடைப்பிடித்தார்கள். எல்லாம் மணவாளன் மாமாவுக்காக.

மணவாளன் செம்மங்குப்பத்து இரசாயன ஆலையொன்றில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஜப்பானிலிருந்து வந்திறங்கிய எந்திரங்களின் கையேடுகளைப் படிப்பதற்கென்றே அம்மொழியைக் கற்றார். கற்றதை வீணாக்க மனமில்லாமல், ‘தலைவாசல்’ என்னும் ஜப்பானியப் பேய்ப்பட வரிசைக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதத் தொடங்கினார். முதல் படத்தில் கையேட்டு நடை அப்படியே இறங்கியிருந்தது. பேய் நெருங்குகிறது, கதாநாயகி தொண்டை கிழியக் கதறுகிறாள், திரையின் அடியிலோ ‘கதவினைத் திறக்கும் முன் தக்க முன்னெச்சரிக்கை மேற்கொள்ளவும்’ என்று ஓடுகிறது. படத்துக்குப் படம் அவர் தமிழ் இளகியது. மூன்றாம் படம் பார்த்தபோது, அப்போது குழுவிலிருந்த ஒருவர் வாய்தவறி ‘மொக்கை’ என்றுவிட்டார். மாமா கோபப்படவில்லை. ஏழு மாதம் ஒரு வரியும் எழுதவில்லை, அவ்வளவுதான். பேயில்லாமல் அந்த ஏழு மாதத்தை எப்படி ஓட்டினோம் என்று செம்பியன் இன்றைக்கும் சொல்லி மாய்ந்துபோவார்.

பயப்படுவதில் அத்தனை ஆசை செம்பியனுக்கு. சுரங்கத்தில் மூன்று மாடி உயரத்து எந்திரத்தை ஒற்றை ஆளாக இயக்குபவர், வாசலக்கா வரும் காட்சியில் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொள்வார்.

வாசலக்கா என்பது அந்தப் பேய்க்கு இவர்கள் வைத்த பெயர். ஜப்பானிய வீடுகளில் செருப்பைக் கழற்றும் இருண்ட நுழைவிடத்தில் அவள் நிற்பாள். முகம் தெரியாது. நம் வீடுகளில் ‘போறேன்’ என்று சொன்னால் திட்டு விழும், ‘போயிட்டு வரேன்’ என்றுதான் சொல்ல வேண்டும் அல்லவா? அங்கேயும் அப்படியொரு வழக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் எவர் வெளியே போகிறாரோ, அவர் திரும்பிவந்து பூட்டைத் திறக்கும்போது, ஆளில்லாத வீட்டின் உள்ளிருந்து ஒரு குரல் கேட்கும்:

“வந்துட்டியா?”

ஒன்பது படங்களிலும் அவள் பேசிய வசனம் அந்த ஒன்றுதான். மூலத்தில் அது வீடு திரும்புவோரை வரவேற்க எல்லோரும் சொல்லும் சாதாரணச் சொல். இரண்டாம் ஷிப்டு முடிந்து வரும் மாமாவிடம் அவர் மனைவி கொளஞ்சியம்மாள் அடுப்படியிலிருந்தே, திரும்பிப் பாராமல், கேட்பது போலவும் கேட்காதது போலவும் சொல்லும் ‘வந்துட்டியா’வை எடுத்து அவர் அந்த இடத்தில் பொருத்தினார். கடலூரில் பத்துப் பதினைந்து பேர் பூட்டைத் திறந்ததும் வீட்டுக்குள் நுழையாமல் வாசலிலேயே நின்றதற்கு அந்த ஒரு சொல்லே பொறுப்பு.

பவானியின் முனைவர் பட்ட ஆய்வே அந்தச் சொல்லின்மீதுதான் நின்றது. அச்சத்தின் மொழி குறித்து ஆறு அத்தியாயங்கள் எழுதி முடித்திருந்தாள். கடைசி அத்தியாயம், பத்தாம் படம் வந்த பிறகு. ஆனால் சென்ற வாரம் அவளுடைய நெறியாளர் ஆறு அத்தியாயங்களையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“எழுத்து நல்லாயிருக்கும்மா. ஆனா இருநூத்தம்பது பக்கத்துல ஒரு எடத்துலயாவது, இது சரியில்லன்னு எழுதியிருக்கியா?”

பவானி யோசித்தாள். எழுதியிருக்கவில்லை.

“இதுக்குப் பேரு விமர்சனம் இல்ல. வாழ்த்துமடல்,” என்றார் அவர். “ஒரே ஒரு தடவ வாயத் தொறந்து இல்லன்னு சொல்லிப் பழகு. அப்பறம் வா.”

அதன் பிறகு பவானி கண்ணாடி முன் நின்று ‘நல்லா இல்ல’ என்று சொல்லிப் பார்த்தாள். சொல்லும்போதே முகத்தில் ஒரு மன்னிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. விடுதிச் சாம்பாரைப் பற்றிக்கூட ‘இன்னக்கி வித்தியாசமா இருக்கு’ என்றுதான் சொல்ல வந்தது.

இந்த நிலையில்தான் பத்தாம் படம் வந்தது. பதினொரு ஆண்டு இடைவெளிக்குப் பின், புது இயக்குநர், புதுத் தயாரிப்பு. அதுவும் தமிழில் டப்பிங் செய்யப்பட்டு, கடலூரிலேயே ஒரு தியேட்டரில். அதுவும், தமிழ் வசனம்: செ. மணவாளன்.

ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்குப் பவானியும் அவள் அறைத்தோழி ஜான்சியும் சிதம்பரத்திலிருந்து பேருந்து ஏறினார்கள். பள்ளி ஆசிரியையான ஜான்சி, எந்தப் பேய்ப்படமானாலும் ஜெபமாலையோடுதான் போவாள்.

“பதினோரு வருசம்டி,” என்றாள் பவானி, புதுச்சத்திரம் தாண்டும்போது. “ஒம்பதாவது பார்ட்டு பாத்தப்ப நான் பள்ளிக்கூடம். இப்ப தல நரைச்சிடும்போல.”

“நீ ஆராய்ச்சி முடிக்கிறதுக்குள்ள வாசலக்காவுக்கே நரைச்சிடும். இந்தா, கைய குடு. எவ்ளோ சில்லுனு இருக்குது பாரு எனக்கு.”

“இன்னும் படமே போடலயேடி!”

“போஸ்டர பாத்ததுலேர்ந்து இப்பிடிதான் இருக்குது.”

ஆலப்பாக்கம் வருவதற்குள் இருவரும் மாறிமாறி ‘வந்துட்டியா’ என்று அடிக்குரலில் சொல்லிச் சிரித்ததில், முன்னிருக்கைப் பெரியவர் இருமுறை திரும்பிப் பார்த்து, மூன்றாம் முறை இடம் மாறி உட்கார்ந்தார்.

தியேட்டர் வாசலில் மாமா சலவை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக, பெண் வீட்டார் போல நின்று வருகிறவர்களையெல்லாம் கும்பிட்டுக்கொண்டிருந்தார். செம்பியன் தோளில் துண்டு இரண்டாக இருந்தது.

“ஒண்ணு நனைஞ்சிட்டா மாத்துத் துண்டு வேணாமா?” என்றார்.

படம் தொடங்கியது. முதல் பத்து நிமிடம் நால்வரும் மூச்சைப் பிடித்திருந்தார்கள். இருபதாவது நிமிடத்தில் செம்பியன் துண்டை இறக்கி மடியில் போட்டுக்கொண்டார். வாசலக்கா இப்போது வாசலில் இல்லை. ஒரு செயலிக்குள் இருந்தாள். நாற்பது மாடிக் குடியிருப்பில் அழைப்புமணியோடு சேர்ந்த காமிராவில் தோன்றினாள். முகம் தெரிந்தது. தெரிந்தது மட்டுமல்ல, வழவழவென்று, முகப்பூச்சு விளம்பரத்துக்கு வந்தவள் போல இருந்தது. அவளுக்கு ஓர் இளமைக்காலத் துயரம் இருந்தது. ஒரு முன்னாள் காதலன் இருந்தான். ஒரு கடவுச்சொல்லும் இருந்தது. அதை அவளே மறந்துவிட்டிருந்தாள். கதாநாயகி வைஃபையை அணைத்ததும் வாசலக்கா அரூபமாக மறைவதற்குப் பதில், திரை நடுவே வட்டவட்டமாகச் சுற்றிக்கொண்டு நின்றாள்.

“சிக்னல் இல்லாம நிக்குதா அது?” என்று செம்பியன் கிசுகிசுத்தார். “பாவம், மாடிக்குப் போய் நிக்கச் சொல்லு.”

“அண்ணே, சும்மா இருங்க. மாமா முன்னாடி உக்காந்திருக்காரு,” என்றாள் பவானி.

இடைவேளையில் ஜான்சி ஜெபமாலையைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். “ஆண்டவர இதுக்கெல்லாம் தொந்தரவு பண்ணக் கூடாது,” என்றாள்.

பவானி மட்டும் நம்பிக்கை இழக்கவில்லை. பின்னணி மாறலாம், முகம் மாறலாம். அந்தச் சொல் ஒன்று போதும், எல்லாம் சரியாகிவிடும். இறுதிக்காட்சியில் கதாநாயகி எவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே போனாள். மழையில் திரும்பிவந்தாள். பூட்டு திறந்தது. உள்ளே இருட்டு. இசை நின்றது. அரங்கில் முறுக்குக் கடிக்கும் ஓசைகூட இல்லை. பவானி ஜான்சியின் மணிக்கட்டைப் பற்றினாள். இருளுக்குள்ளிருந்து அந்தக் குரல் எழுந்தது:

“நல்வரவு.”

பிறகு பின்வரிசையிலிருந்து எவனோ ஒருவன், அறிவிப்பாளர் குரலில், “கடலூர் மாநகராட்சி உங்களை அன்புடன் வரவேற்கிறது!” என்றான்.

அரங்கம் வெடித்தது. “ரிப்பன் வெட்டுங்கடா!” என்றது ஒரு குரல். “பன்னீர் தெளிக்கலயா?” என்றது இன்னொன்று. செம்பியன் வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு குலுங்கினார். ஒன்பது படங்களில் பயத்தால் நனைந்த துண்டு முதன்முறையாகச் சிரிப்பால் நனைந்தது. ஜான்சி நாற்காலியிலிருந்து சரிந்தே விட்டாள். பவானியும் கண்ணீர் வரச் சிரித்தாள். வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டே தலையைத் தூக்கியபோது, முன்வரிசையில் மணவாளன் மாமாவின் முதுகு தெரிந்தது. இரு கைகளையும் முழங்கால்மேல் வைத்து, புகைப்படத்துக்கு அமர்ந்தவர் போல நிமிர்ந்திருந்தார்.

படம் முடிந்ததும் மாமா மூவரையும் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு அழைத்துப் போனார். வெயில் தாழ்ந்திருந்தது. மிளகாய் பஜ்ஜி வாங்கி ஆளுக்கொரு தாளில் வைத்துக் கொடுத்தார். படத்தைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. அலையைப் பற்றிப் பேசினார்கள். பஜ்ஜியைப் பற்றிப் பேசினார்கள். பஜ்ஜி நன்றாக இருந்தது என்பதை ஜான்சி மூன்று முறை சொன்னாள்.

“சரி,” என்றார் மாமா, கையைத் துடைத்துக்கொண்டு. “டப்பிங் கம்பெனிலேர்ந்து போன் பண்ணாங்க. பதினோராவது பார்ட்டும் வருதாம். அதுக்கும் நானே எழுதணுமாம். இன்னக்கி சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும்.”

“அட! சூப்பர் மாமா!” என்றார் செம்பியன்.

“ஒரு கண்டிஷன். இதே மாதிரிதான் எழுதணுமாம். நா மொதல்ல ‘வந்துட்டியா’ன்னுதான் எழுதிக் குடுத்தேன். லோக்கலா இருக்குது, கன்யாகுமரிலயும் புரியணும், டீசன்டா ஒரு வார்த்த குடுங்கன்னாங்க. பெரிய கம்பெனி, அவுங்களுக்குத் தெரியாததான்னு மாத்திக் குடுத்தேன். இனிமே எல்லாப் பார்ட்டுலயும் அந்த வார்த்ததான் நிக்குமாம்.” அவர் கைபேசியை எடுத்து மடியில் வைத்தார். “நீங்கதான எனக்கு ஆடியன்ஸு. நீங்க சொல்றதுதான். நல்லா இருந்தா சரின்னு அனுப்பிடுறேன். மாப்ள, நீ சொல்லு. எப்பிடி இருந்துச்சு?”

செம்பியன் பஜ்ஜியைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். மலைபோன்ற மனிதர் மணலில் ஒரு பிடி சிறுத்ததுபோல் தெரிந்தது.

“வித்தியாசமா இருந்துச்சு மாமா.”

“ஜான்சி?”

“ரொம்ப... ரொம்ப வித்தியாசமா இருந்துச்சு மாமா.”

மாமா தலையை ஆட்டினார். சந்தோஷமா, வேறு ஏதாவதா என்று அந்த ஆட்டலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒற்றை விரலால் ‘ச’வைத் தேடத் தொடங்கினார்.

பவானிக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. தியேட்டரில் பேய் தராத அந்த அடிப்பு, சாயங்கால வெளிச்சத்தில், ஒரு வெள்ளைச் சட்டைக்காரரின் ஒற்றை விரல் நகர்வதைப் பார்த்து வந்தது. இந்த விரல் நின்றால் இன்னுமொரு ஏழு மாதம் வரலாம், ஏழு வருடமும் வரலாம், குழுவே கலைந்துபோகலாம். நிற்காவிட்டால், இனி எந்தப் பூட்டைத் திறந்தாலும் உள்ளிருந்து திறப்புவிழா அழைப்பிதழ்தான் கேட்கும். எதிரே இருந்தவர் அவளுக்கு முதன்முதலில் ஒரு சொல்லின் எடையை உணர்த்தியவர்.

“பாப்பா, நீ ஒண்ணும் சொல்லலயே,” என்றார் மாமா, தலை நிமிராமல். “படிச்ச புள்ள. நீ சொல்லு.”

அவளுக்குள் வாக்கியங்கள் வரிசைகட்டி வந்து நின்றன. ‘மரபான அச்சத்தைத் தொழில்நுட்பச் சூழலில் மறுவாசிப்புச் செய்யும் முயற்சி.’ ‘பேயுரு குறித்த நம் எதிர்பார்ப்புகளைக் கலைத்துப்போடும் பிரதி.’ ‘பொதுத்தமிழுக்கும் வட்டாரத் தமிழுக்கும் இடையிலான உரையாடல்.’ ஒவ்வொன்றும் அழகாகத் தலைசீவி, பொட்டு வைத்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பிழிந்தால் ஒரே சொல்தான் சொட்டும்: வித்தியாசம். அது தெரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பொத்திய கைக்கு அடங்காமல் அது பீறிட்டது.

“என்னா சிரிக்கிற?” என்று மாமா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். விரல் அந்தரத்தில் நின்றது.

ஜான்சி பவானியின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். செம்பியன், வேண்டாம் என்று புருவத்தை உயர்த்தினார். கையிலிருந்த பஜ்ஜி பாதிவழியில் அப்படியே நின்றது.

பவானி சிரிப்பை விழுங்கினாள். முகத்தில் மன்னிப்பு வந்து உட்காரப் பார்த்தது. அதற்கு இடம் கொடுக்கவில்லை.

“மாமா, படம் நல்லா இல்ல,” என்றாள். “நீங்க எழுதுன அந்த வார்த்தையும் நல்லா இல்ல. சுத்தமா நல்லா இல்ல.”